ஆமைப் படத்துக்கு கூட நின்ன எல்லாருக்கும்

போன ஞாயித்துக்கிழமை குப்பத்துல வேட்டிய ஸ்கிரீனா கட்டி நம்ம ஷார்ட் ஃபிலிம போட்டோம்ல, படம் முடிஞ்சு நன்றி கார்டு வர்றதுக்குள்ள லைட் போட்டுட்டாங்க, பசங்க எழுந்து ஓட ஆரம்பிச்சிட்டாங்க, யாரும் அத படிக்கல. படிச்சிருந்தாலும் 11 நிமிஷ படத்தோட கடைசில 8 செகண்ட் ஓடுற கார்டுல என்ன சொல்லிட முடியும். அதான் உக்காந்து எழுதுறேன். பேர் போட வேணாம்னு உங்கள்ல பாதி பேர் சொன்னதால யார் பேரும் போடல, ஆனா படிச்சா இது நமக்குதான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

முதல்ல போட்டுக்கார அண்ணாவுக்கு. அண்ணா, 2025 ஜனவரில சென்னை கடற்கரை பூரா ஆமை செத்து ஒதுங்குச்சே, ஆயிரத்துக்கும் மேலன்னு பேப்பர்ல வந்துச்சே, அப்பதான் நாங்க 5 பேரும் விஸ்காம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு சப்ஜெக்ட் தேடிட்டு இருந்தோம். காலைல பீச்சுக்கு வந்தா நூறடிக்கு ஒண்ணு கெடந்துச்சு, கண்ணெல்லாம் பிதுங்கி, கழுத்து வீங்கி. அத ஷூட் பண்ணிட்டு அப்படியே கேமராவ திருப்பி கரைல காயப்போட்டிருந்த உங்க வலைய ஷூட் பண்ணோம். எடிட்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அடில சோக மியூசிக் போட்டோம். அந்த முதல் ட்ராஃப்ட்ட போன்ல உங்களுக்கு காட்டுனப்ப நீங்க சத்தமே போடல. "ஏம்மா, இந்த வலைலயா அது செத்துச்சு? நீ பாத்தியா?"ன்னு மட்டும் கேட்டீங்க. நான் பாக்கல. பாக்காமயே ஒரு ஊரையே குத்தவாளி ஆக்கி வெச்சிருந்தேன்.

அதுக்கப்புறம் நீங்க செஞ்சதுதான் பெருசு. எங்கள தொரத்தி விட்டிருக்கலாம், ஆனா மறுநாள் விடியக்காலைல 4 மணிக்கு ஃபைபர் போட்டுல ஏத்தி கூட்டிட்டு போனீங்க. மீன் செவுள் மாட்டிக்கிற செவுள் வலைக்கும், விசைப்படகு பின்னாடி பை மாதிரி இழுத்துட்டு போற இழுவை மடிக்கும் என்ன வித்தியாசம்னு வலைய கைல குடுத்து காட்டுனீங்க. ஆமை நம்மள மாதிரி மூச்சுக்கு காத்துதான் வேணும்னு மேல வந்தாகணும், மடிக்குள்ள மாட்டி மணிக்கணக்கா இழுபட்டா தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டி செத்துடும்னு சொன்னீங்க. கரைலருந்து 5 கடல் மைலுக்குள்ள விசைப்படகு இழுக்கக்கூடாதுன்னு தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு, முட்டை வெக்க வர்ற ஆமை சுத்துறதும் அதே தண்ணிலதான்னு சொன்னீங்க. உங்க வலைலயும் எப்பவாவது மாட்டும், மாட்டுனா வலைய அறுத்து விட்டுட்டு அந்த ஓட்டைய அன்னிக்கு சாயந்தரமே உக்காந்து பின்னுவோம்னு சொன்னப்ப உங்க குரல்ல பெருமை எல்லாம் இல்ல, வேலைய சொல்ற மாதிரி சொன்னீங்க. இப்ப படத்துல நீங்க வலை பின்ற ஷாட் 40 செகண்ட், மியூசிக் இல்லாம. எல்லாரும் பேசுறது அந்த ஷாட்டதான்.

காசிமேட்டுல லாஞ்சுல, அதான் மடி இழுக்குற விசைப்படகுல, வேலை பாக்குற தம்பி, உனக்கு தனியா சொல்லணும். கேமரா முன்னாடி வர மாட்டேன்னு சொல்லிட்டு குரல் மட்டும் குடுத்த. மடி இறக்குனா ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுதான் தூக்குவோம், நான் கூலிக்கு போறவன், எப்ப தூக்குறதுன்னு முடிவு பண்றது நான் இல்லன்னு சொன்ன. ஆமை தப்பிக்கிற கருவி பத்தி நீ சொன்ன மாதிரி அவ்ளோ தெளிவா எந்த கட்டுரைலயும் நான் படிக்கல, மடி நடுவுல சாய்வா கம்பிச்சட்டம், மீனும் எறாவும் கம்பி இடுக்குல பூந்து உள்ள போயிடும், ஆமை முட்டி மேல இருக்க வாசல் வழியா வெளிய போயிடும். அதுல மீனும் கொஞ்சம் போயிடுமோன்னு ஓனருங்க பயப்படுறாங்க, அந்த பயத்தையும் படத்துல போடுன்னு நீதான் சொன்ன. போட்டோம். அது இல்லன்னா இது ஒருதலைப்பட்சமான படமாதான் இருந்திருக்கும்.

ராத்திரி நடக்குற வாலன்டியர் அண்ணன் அக்காங்க எல்லாருக்கும். 1988லருந்து ஸ்டூடன்ட்ஸ் சேந்து நடத்துற அமைப்பு, ஒவ்வொரு சீசனும் ஜனவரிலருந்து ராத்திரி ராத்திரி நீலாங்கரைலருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ஆமை முட்டை வெச்ச குழிய தேடி மணல்ல நடக்குறாங்க. அதுக்கும் முன்னாடி 70கள்லயே சென்னை பாம்புப் பண்ணைய ஆரம்பிச்ச ரோமுலஸ் விட்டேக்கர் கூட அந்த பண்ணை ஆளுங்க நடக்க ஆரம்பிச்சது, சதீஷ் பாஸ்கர்னு ஒருத்தர் இந்தியாவோட கடற்கரைய கிட்டத்தட்ட முழுக்க கால்நடையாவே போய் ஆமைக்கணக்கு எடுத்தது, இந்த கதையெல்லாம் நடக்குறப்ப நீங்க சொல்லித்தான் கேட்டேன், தூக்கமே வராது.

நாங்க முத 10 நாள் நடந்தும் உயிரோட ஒரு ஆமைய கூட பாக்கல. 11வது நாள் ராத்திரி 2 மணிக்கு மேல ட்ராக்டர் போன மாதிரி ஒரு தடம், தடம் முடியுற எடத்துல அவ. பின்னங்கால மடக்கி மடக்கி மண்ணை அள்ளி வெளிய போடுறா, கை மாதிரி. டார்ச் அடிக்கக்கூடாது, ஃப்ளாஷ் கூடாது, தொடக்கூடாது, முன்னாடி போய் நிக்கக்கூடாதுன்னு ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட் வாட்சர் அய்யா முதலயே சொல்லிட்டாரு, நெலா வெளிச்சத்துல, இருட்டுலயும் படம் தெரிய வெக்கிற கேமரா செட்டிங் ஐஎஸ்ஓவ முழுசா ஏத்தி எடுத்தோம், படம் பூரா புள்ளி புள்ளியா இருக்கும். அத க்ளீன் பண்ண வேணாம்னு முடிவு பண்ணோம், அன்னிக்கு எங்க கண்ணுக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. 100க்கு மேல முட்டை, பிங்பாங் பந்து மாதிரி. அவ கண்ணுலருந்து வழிஞ்சத பாத்துட்டு நான் வாய்ஸ் ஓவர்ல "தாயின் கண்ணீர்"னு எழுதி வெச்சேன், முட்டைய எடுத்துட்டு வந்து பத்திரமா பொரிக்க வெக்கிற ஹேச்சரில இருக்க அக்கா அத அடிச்சிட்டாங்க, அது ஒடம்புல சேர்ற உப்ப வெளியேத்துறது, அழுகை இல்ல, அவ அழலன்னாலும் நமக்கு அவ முக்கியம்தானேன்னு கேட்டாங்க. அக்கா, அந்த கேள்வி இன்னும் என் கூடவே இருக்கு.

ஆயா. உங்க வீட்டு வாசல்ல உக்காந்து எத்தன நாள் வஞ்சிரம் கொழம்பு சாப்ட்டிருக்கோம், ஒரு நாள் கூட காசு வாங்கல. நான் கேக்காமயே நீங்களா சொன்னீங்க, சின்ன வயசுல ஆமை முட்டைய கூடைல எடுத்துட்டு போய் வித்திருக்கோம், நாங்களும் தின்னுருக்கோம், எவ்ளோ நேரம் வேக வெச்சாலும் வெள்ளக்கரு கெட்டியாவே ஆவாதுன்னு. இத வெளிய சொன்னா கேஸ் ஆயிடுமான்னு உங்க மருமக பயந்தாங்க, நீங்க "அப்போ பசி, இப்போ தெரியுது, ரெண்டையும் எழுதிக்கோ"ன்னு சொல்லிட்டீங்க. படத்துலயே ரொம்ப நேர்மையான எடம் அதான்னு நான் நெனைக்கிறேன். உங்க பேத்தி இந்த சீசன்ல சனிக்கிழமை ராத்திரி நடைக்கு போறான்னு கேள்விப்பட்டு எனக்கு கை கால் ஓடல.

ஹார்ட் டிஸ்க் செத்துப்போன கதை உங்க எல்லாருக்கும் தெரியும், விட்டுடறேன். ரெக்கவரி பண்ணி குடுத்துட்டு பாதி காசுதான் வாங்குன ரிச்சி ஸ்ட்ரீட் அண்ணாவுக்கும், ஸ்டூடியோ காலியா இருக்க நேரத்துல ராத்திரில மிக்ஸிங் பண்ணி குடுத்த சீனியருக்கும், பொண்ண ராத்திரி பூரா பீச்சுல விடுறியேன்னு சொந்தக்காரங்க கேட்டப்பல்லாம் பதில் சொன்ன எங்கம்மாவுக்கும் நன்றி.

பீச் ரோட்டு அபார்ட்மென்ட் அசோசியேஷன் ஆளுங்களுக்கு. உங்க ஹால்ல படம் போட விட்டதே பெருசுன்னு நெனச்சோம். குஞ்சு 45, 50 நாள்ல மண்ணுக்குள்ளருந்து வெளிய வந்ததும் எங்க வெளிச்சம் அதிகமோ அந்தப்பக்கம் ஓடும், லட்சக்கணக்கான வருஷமா ராத்திரில வெளிச்சம்னா அது கடல்தான், இப்ப அது நம்ம ஃபோகஸ் லைட்டு. எல்லா குழியையும் நடக்குறவங்க கண்டுபிடிச்சு ஹேச்சரிக்கு மாத்திட முடியாது, தவறுன குழிலருந்து வர்றதுங்க நேரா ரோட்டுக்கு வந்து நசுங்குது, காக்காக்கும் நாய்க்கும் இரையாகுது. படத்துல அந்த சீன் ஓடுறப்ப பின்னாடி வரிசைல ஒரு தாத்தா எழுந்து வெளிய போனாரு, கோவிச்சுக்கிட்டாரோன்னு பாத்தா, போய் மாடி லைட்ட அணைச்சிட்டு வந்து திரும்ப உக்காந்தாரு. தாத்தா, நீங்க அந்த ஒரு ஸ்விட்ச அணைச்சதாலதான் மீட்டிங்ல மத்தவங்க பேசவே ஆரம்பிச்சாங்க. இந்த ஜனவரிலருந்து கடல் பாத்த பக்கம் ராத்திரி 9 மணிக்கு மேல லைட் இல்ல, வாட்ச்மேன் அண்ணா டெய்லி மறக்காம பாத்துக்கறாரு, அவருக்கு இருட்டுல வேலை பாக்குறது கஷ்டம்னு தெரியும், அவருக்கு ஒரு நல்ல டார்ச் வாங்கி குடுக்க காசு சேத்துட்டு இருக்கோம். டீக்கடை அண்ணாவும் ட்யூப்லைட்ட ரோட்டுப்பக்கம் திருப்பி மாட்டிட்டாரு.

இதால எத்தன குஞ்சு பொழைக்கும்னு என்னால கணக்கு சொல்ல முடியாது. ஏப்ரல் 15ல மீன்பிடி தடைக்காலம் தொடங்குறதுக்குள்ள முட்டை வெக்கிற சீசனே கிட்டத்தட்ட முடிஞ்சிடுது, கடலுக்குள்ள நடக்குறத மாத்த இந்த ஒரு படம் பத்தாது, அதுக்கு படகு ஓனருங்க, டிபார்ட்மென்ட், நீங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசணும். அந்த பேச்சுக்கு முன்னாடி படத்த போட்டுக்காட்டணும்னா எந்த ஊருக்கும் ப்ரொஜெக்டரோட நாங்களே வரோம், காசு வேணாம். பென்டிரைவ் ஒண்ணு டீக்கடைல குடுத்து வெச்சிருக்கேன், யார் வேணா காப்பி பண்ணிக்கலாம்.

போட்டுக்கார அண்ணா, ஞாயித்துக்கிழமை படம் முடிஞ்சதும் ஒரே ஒரு குறை சொன்னீங்க, கரைல நிக்கிற ஷாட்டுக்கு நான் "தென்றல்"னு எழுதுனேன், அன்னிக்கு அடிச்சது வாடைன்னு. கொடி பறக்குற பக்கத்த திரும்ப போட்டுப் பாத்தேன், வாடைதான். திருத்திட்டேன். டீக்கடைல இருக்கறது திருத்துன காப்பி.