அப்பா எங்கயும் தொலஞ்சு போகல

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு அம்மா எழுதுதேன். நான் சுகமா இருக்கேன், முட்டுவலி உண்டு, அது கெடக்கட்டும். நீ காலைல சாப்பிடாம ஆபீஸ் போறியாமே. மருமக தான் சொன்னா, அவள வையாத, நான் துருவித் துருவிக் கேட்டதால சொன்னா. பிரஷர் மாத்திரைய வெறும் வயித்துல போட்டுட்டு அந்த லோக்கல் ட்ரெயின் நெரிசல்ல நின்னா மயக்கம் வராம என்ன செய்யும் ராசா. ராத்திரியும் தூங்கலன்னு சொன்னா.

போன்ல சொல்லலாம்தான், ஆனா நான் அப்பா பேச்ச எடுத்த ஒடனே உனக்கு ஒரு மீட்டிங் வந்துருது. அதான் வாட்ஸ்அப்புல நீளமா டைப் பண்ணுதேன், நேரம் கிடைக்கும்போது படி. உன் தங்கச்சி மக பிளஸ் டூ பரிச்சை எழுதுதா, பின்னால மாமரம் இந்த வருஷம் நல்லா பூத்துருக்கு, மத்த சேதி அப்புறம் சொல்லுதேன்.

லெந்து நாள்ல பெண்கள் ஐக்கிய சங்கத்துல இந்தத் தடவ என்னய பேசச் சொல்லிருக்காங்க, தலைப்பு சரீரம் உயிர்த்தெழுதல், அதாவது செத்த இந்த உடம்பே கடைசி நாள்ல எழுந்திருக்கும்ங்கற போதனை. ரிட்டயர் ஆனப்புறம் நான் அஞ்சல் வழில இறையியல் படிச்சேன்லா, அப்பாதான பீஸ் கட்டினாங்க, அந்த நோட்ட எல்லாம் பரணுலருந்து எடுத்து வச்சுப் படிச்சிட்டு இருக்கேன். படிக்கப் படிக்க இத சங்கத்துல சொல்லுறதுக்கு முன்ன உனக்குத்தான் சொல்லணும்னு தோணிட்டு.

நம்ம ஊர்ல ஒரு சாவுன்னா எல்லாரும் என்ன சொல்லுதாங்க, ஆத்துமா பரலோகம் போயிட்டு, இது வெறும் கூடுதான்னு. ஆறுதலுக்குச் சொல்லுதாங்க, நானும் எத்தனையோ வீட்ல சொல்லிருக்கேன். ஆனா ஆதிச்சபை அப்படிப் போதிக்கல தெரியுமா. யுஸ்தீனு ரோமாபுரில போதிச்சவரு, கி.பி. 165 வாக்குல விசுவாசத்துக்காக உயிரக் குடுத்து ரத்தசாட்சியா மரிச்சாரு. அவரு என்ன எழுதிருக்காருன்னா, மரிச்சவங்க எழுந்திருக்கறது கிடையாது, செத்த ஒடனே ஆத்துமா மட்டும் பரலோகத்துக்குப் போயிரும்னு சொல்லுதவங்கள கிறிஸ்தவங்கன்னே எண்ணாதீங்கன்னு. அவ்வளவு கடுமையா எழுதிருக்காரு. ஏன்னா அவங்க நம்பிக்க எல்லாம் இந்த சரீரத்து மேலதான் இருந்துச்சு. உடம்ப ஒரு சிறையா நெனச்ச கிரேக்கங்க நடுவுல இத சொல்ல வெக்கப்பட்ட கிறிஸ்தவங்க கொரிந்துலயே இருந்துருக்காங்க, அவங்களுக்குத்தான் அப்போஸ்தலன் பவுல் 55 வாக்குல முதலாம் கொரிந்தியர்ல அந்தப் பதினஞ்சாம் அதிகாரத்த எழுதினாரு. "கிறிஸ்துவோ மரித்தோரிலிருந்தெழுந்து, நித்திரையடைந்தவர்களில் முதற்பலனானார்"னு நீ சின்னப்பிள்ளையா இருக்கும்போது ஞாயிறு பள்ளில ஒப்பிச்சு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினியே. அறுப்பின் பண்டிகைக்கு முதல் கதிரக் கொண்டு வந்து பீடத்துல வச்சா வயல்ல மிச்சக் கதிரும் நிக்குன்னுதான அர்த்தம். ஈஸ்டர் அன்னைக்கு நடந்தது அவருக்கு மட்டும் நடந்த ஒரு அதிசயம் இல்ல, எல்லாருக்கும் நடக்கப் போற அறுப்பு அங்க ஆரம்பிச்சிட்டு, அதத்தான் பவுல் சொல்லுதாரு.

இதப் பாத்து வெளில உள்ளவங்க சிரிச்சிருக்காங்க. செல்சுன்னு ஒரு தத்துவக்காரன் 178 வாக்குல இது புழுவுக்கு உள்ள ஆச, மனுஷனுக்கு உள்ளது இல்லன்னு எழுதினான். சபை அதுக்காக அசையல. கார்த்தேஜ்ல தெர்த்துல்லியன்னு ஒரு கிறிஸ்தவ எழுத்தாளர் கேட்டாரு, ஆத்துமா சுத்தமாகணும்னு எத ஞானஸ்நானத் தண்ணில கழுவுதோம், சரீரத்தத்தான, ஆத்துமா போஷிக்கப்படணும்னு எது அப்பத்தயும் ரசத்தயும் வாங்குது, சரீரந்தான, வேலைல ஒண்ணா இருந்த ரெண்டயும் கூலில எப்படிப் பிரிக்கன்னு. கூலில எப்படிப் பிரிக்கன்னு கேட்டாரு பாத்தியா, அங்க நான் நோட்ட மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அப்பாவோட வலது கை பெருவிரல் ஞாபகம் இருக்கா, ஒர்க்ஷாப்புல லேத்துல மாட்டி நகம் பாதி பொளந்து அப்படியே வளந்துட்டே, அந்தக் கையாலதான உன் பீஸ், தங்கச்சி கல்யாணம், இந்த வீடு எல்லாம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கைல ஆணித் தழும்பு அழியல, தோமாவ தொட்டுப் பாக்கச் சொன்னாரு. ரத்தசாட்சிகளோட தழும்பும் அந்த நாள்ல தெரியும், அது அவங்களுக்குக் கொற இல்ல, மகிமைன்னு ஆப்பிரிக்கால பிஷப்பா இருந்த அகுஸ்தீன் எழுதிருக்காரு. அப்பா ரத்தசாட்சி இல்லதான், ஆனாலும் அந்த நகம் பொளந்த கைய நான் மறுபடி பாப்பேன்னு நம்புதேன். கூடு அது இதுன்னு யாரும் எங்கிட்ட சொல்ல வேண்டாம்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வாரேன். நடுவுல நிறுத்தாம படி.

177 ல பிரான்ஸ் தேசத்து லியோன் பட்டணத்துல பெரிய உபத்திரவம் வந்துச்சு. பிளாந்தினான்னு ஒரு அடிமப் பொண்ணு, தொண்ணூறு வயசுக்கு மேல ஆன போத்தினு பிஷப், இன்னும் நெறய பேரு செத்தாங்க. செத்தவங்கள பொதைக்க விடல. ஆறு நாள் அந்த உடம்புகள வெளில போட்டு காவல் வச்சாங்க. கூட இருந்தவங்க ராத்திரில போய் எடுக்கப் பாத்துருக்காங்க, காசு குடுத்துப் பாத்துருக்காங்க, கெஞ்சிப் பாத்துருக்காங்க, ஒண்ணும் நடக்கல. அப்புறம் எல்லாத்தயும் எரிச்சு, சாம்பல ரோன் ஆத்துல ஒண்ணு விடாம கூட்டித் தள்ளிட்டாங்க. எதுக்குன்னா இவங்க எழுந்திருப்போம்னு நம்பித்தான சந்தோஷமா சாவுதாங்க, அந்த நம்பிக்கையே இல்லாம ஆக்கணும்னு, இப்ப எழுந்திருக்காங்களா பாப்போம்னு. மிச்சம் இருந்தவங்க இப்ப துருக்கில இருக்கற ஆசியா, பிரிகியா சபைகளுக்கு இத எல்லாம் கடுதாசியா எழுதி அனுப்பினாங்க, யூசேபியுன்னு ஒருத்தர் அத அவரு எழுதின சபைச் சரித்திரத்துல எடுத்துப் போட்டு வச்சதால நமக்குக் கிடைச்சிருக்கு. போத்தினுவுக்குப் பிறகு அந்த ஊருக்குப் பிஷப்பா வந்தவரு இரேனேயு. அவருதான் கொஞ்ச வருஷத்துல ஒக்காந்து, இந்த மாம்சமே எழுந்திருக்கும்னு பக்கம் பக்கமா எழுதினாரு. ஆண்டவரோட அப்பத்தத் தின்னு வளந்த மாம்சம் ஜீவனுக்குப் பங்கில்லாமப் போயிரும்னு எப்படிச் சொல்லலாம்னு கேட்டாரு. யோசிச்சுப் பாரு, ஒரு பிடி சாம்பல் கூட கைக்குக் கிடைக்காத சபை அது. அங்க இருந்துதான் இந்தப் போதனை இவ்வளவு உறுதியா வந்துருக்கு.

அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நீ எத்தன பேர் கால்ல விழாத குறையா கெஞ்சினன்னு எனக்குத் தெரியும். ஊருக்குக் கொண்டு வர விட மாட்டேன்னுட்டாங்க, கல்லறைத் தோட்டத்துல எடம் இல்லன்னுட்டாங்க, எரிக்கத்தான் வேண்டி வந்துச்சு, லாக்டவுன்ல நாங்க யாரும் வர முடியல, அந்த பிளாஸ்டிக் அங்கிய மாட்டிட்டு நீ ஒத்தையா நின்னு இருபத்தி மூணாம் சங்கீதம் சொல்லி அப்பாவ அனுப்பி வச்ச. என் பிள்ள செஞ்சதுன்னு நான் எல்லார்ட்டயும் சொல்லுதேன். பெருமையாச் சொல்லுதேன்.

ஆனா நினைவு ஆராதனைல வச்சு அந்தப் பெரிய மனுஷர் சொன்னது உன் காதுல விழுந்துட்டு. எலும்பு கூட இல்லாம எரிச்சிட்டு எப்படிய்யா எழுந்திருப்பாருன்னு. நீ ஒண்ணும் சொல்லாம செருப்ப மாட்டிட்டு வெளிய போனத நான் பாத்தேன். அதுக்கப்புறம் ஒரு ஈஸ்டருக்கும் நீ வரல. பெத்த தாய வந்து பாக்காம இருக்கறது என்ன நியாயம் சொல்லு. அந்த மனுஷர் சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் என்ன பாவம் பண்ணுனேன்.

அவருக்கு நான் பதில் வச்சுருக்கேன், சங்கத்துல எல்லார் முன்னாலயும் சொல்லத்தான் போறேன். இதே கேள்விய அன்னைக்கே கேட்டுட்டாங்க. தத்தியான்னு யுஸ்தீனோட சீஷர் ஒருத்தர், நெருப்பு என் மாம்சத்த இல்லாம ஆக்கினாலும், ஆத்துலயும் கடல்லயும் நான் சிதறிப் போனாலும், மிருகங்க கிழிச்சாலும், ஐசுவரியமுள்ள எஜமானோட பண்டகசாலைல நான் இருப்பேன்னு எழுதி வச்சுருக்காரு. மினூசியு பேலிக்சுன்னு இன்னொருத்தர், நாங்க பொதைக்கிறது எரிச்சா நட்டம் வந்துரும்னு பயந்து இல்ல, அது பழைய நல்ல வழக்கம்னு செய்யுதோம், அவ்வளவுதான்னு தெளிவா சொல்லிட்டாரு. 410 ல ரோமாபுரி கொள்ள போனப்ப செத்தவங்கள பொதைக்க ஆள் இல்லாம தெருவுல கெடந்துருக்கு, அப்பவும் ஜனங்க இதே பயத்துல அழுதாங்க, பொதைக்காததால அவங்களுக்கு ஒரு நட்டமும் இல்லன்னு அகுஸ்தீன் எழுதினாரு. அதுக்காக சரீரத்த அலட்சியம் பண்ணச் சொல்லல, அப்பா போட்ட மோதிரமும் துணியுமே பிள்ளைக்குப் பெருசுன்னா சரீரம் எவ்வளவு பெருசுன்னும் அவருதான் சொல்லுதாரு.

எப்படி எழுந்திருப்போம், அதே தோல் அதே எலும்பான்னு கேட்டா பெரியவங்களுக்குள்ளயே சண்ட உண்டு. ஓரிகன் ஒண்ணு சொன்னாரு, மெத்தோதியு அத மறுத்தாரு, அதுக்குள்ள நான் போகல. எனக்கு கிரகோரி பிஷப்போட அக்கா மக்ரினாவப் பிடிச்சிருக்கு. அண்ணன் பசிலியு செத்த துக்கத்தோட கிரகோரி அக்காவப் பாக்கப் போறாரு, போனா அக்காவும் சாகக் கெடக்கா, 379 ல. படுத்த படுக்கையா இருந்துக்கிட்டே தம்பிக்குப் பாடம் எடுக்கா. சரீரம் எத்தன துணுக்கா எங்க சிதறினாலும் ஆத்துமா தன்னோடது எதுன்னு அடையாளம் தெரிஞ்சு கூடவே இருக்கும், எதையும் விட்டுராதுன்னு சொல்லுதா. அந்தப் பேச்ச எல்லாம் கிரகோரி பின்னால எழுதி வச்சாரு.

அகுஸ்தீனோட அம்மா மோனிக்காள் கதையும் உனக்குச் சொல்லணும். அவங்க சொந்த ஊர் ஆப்பிரிக்கால, அங்க புருஷன் பக்கத்துல தனக்குன்னு கல்லறை எடம் பாத்து வச்சுருந்தாங்க, அதுல ரொம்ப அக்கறையா இருந்தவங்கதான். 387 ல கப்பலுக்குக் காத்திருக்கும்போது ஓஸ்தியா துறைமுகத்துல காய்ச்சல் வந்து படுத்துட்டாங்க. ஒரு மகன், அம்மா நம்ம ஊர்ல போய்ச் செத்தா நல்லாருக்குமேன்னு சொல்லுதான், அவங்க அவனக் கண்ணால அதட்டிட்டு, இந்த சரீரத்த எங்கயும் வைங்க, அதப் பத்திக் கவலப்படாதீங்க, கர்த்தரோட பீடத்துல என்னய நெனச்சுக்கோங்க, அது போதும்னாங்க. அதுக்கு முன்னாலயே வேற ஆளுங்க, ஊர விட்டு இவ்வளவு தூரத்துல சரீரத்த விட்டுட்டுப் போக பயமா இல்லயான்னு கேட்டதுக்கு, தேவனுக்கு எதுவும் தூரம் இல்ல, உலக முடிவுல என்னய எங்கிருந்து எழுப்பணும்னு அவருக்குத் தெரியாமப் போயிருமான்னு சொன்னாங்களாம். அம்பத்தாறு வயசு அவங்களுக்கு. மகன் அகுஸ்தீனுக்கு முப்பத்தி மூணு. அடக்கம் முடியுற வர அவரு அழல, அழக்கூடாதுன்னு அடக்கி வச்சாரு, துக்கம் போகும்னு குளிக்கப் போனாரு, போகல. அப்புறம் தூங்கி எந்திரிச்சு படுக்கைல தனியா இருக்கும்போது, அடக்கி வச்சதெல்லாம் ஒடஞ்சு, தேவனுக்கு முன்னால அழுதாரு. உயிர்த்தெழுதல் பத்தி அவ்வளவு எழுதின மனுஷரு அய்யா அவரு. நீ இன்னும் அழலன்னு மருமக சொன்னா. அழு ராசா, அது அவிசுவாசம் இல்ல.

உன் பீரோ மேல் தட்டுல பித்தள சொம்புல அப்பா சாம்பலத் துணி கட்டி வச்சுருக்கது எனக்குத் தெரியும். எதுவும் சொல்லிறக் கூடாதுன்னுதான் இத்தன நாள் வாய் தொறக்கல. யார்ட்டயும் காட்டாம, எடுத்துட்டும் வராம, நீ ராத்திரி எந்திரிச்சு அதப் பாத்துட்டுப் படுக்கன்னு கேட்டதுலருந்து எனக்கு ஒறக்கம் இல்ல. நீ அங்கயே வச்சுக்கணும்னு ஆசப்பட்டா வச்சுக்க, நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். ஆனா அப்பாவுக்கு ஏதோ கெடுதல் பண்ணிட்டோம்னு பயந்து ஒளிச்சு வைக்காத. நீ ஒரு கெடுதலும் பண்ணல. அப்பா எழுந்திருக்கறது நீ எரிச்சதுனால நிக்கப் போறதும் இல்ல, நான் பொதைச்சாத்தான் நடக்கப் போறதும் இல்ல.

நம்ம சேகரத்துப் போதகர் ஐயர்ட்ட பேசிட்டேன். ஆச்சி கல்லறைக்குப் பக்கத்துல எடம் இருக்கு, அடக்க ஆராதனை முழுசா நடத்தித் தாரேன்னு அவரே சொன்னாரு, அந்தப் பெரிய மனுஷர் வந்தாலும் வராட்டியும். ஈஸ்டர் சனிக்கிழம வச்சுக்கலாமான்னு கேட்டாரு, உன்னயக் கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லிருக்கேன். வெள்ளிக்கிழமயே ஊருக்கு வந்து சேருற மாதிரி நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல பாரு, ஈஸ்டர் லீவுக்கு டிக்கெட் ஒடனே தீந்துரும், ஸ்லீப்பர் வேண்டாம், சின்னவளுக்கு ராத்திரிக் காத்து ஆகாது, ஏசில போடு, காசு கொறஞ்சா என் பென்ஷன்ல போட்டு விடுதேன். ஐயருக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கூப்பிடு, அதுவர சங்கத்துல இருப்பேன், போன் சைலண்ட்ல கெடக்கும்.

அம்மா