போதை மீட்பு மையங்கள் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மையங்களை நடத்தும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டில் 45,855 கோடி. இதே ஆண்டு பிப்ரவரியில் அரசு மருத்துவமனைகளில் 25 'கலங்கரை' மீட்பு மையங்கள் திறக்கப்பட்டதை மனமார வரவேற்கிறோம். கையில் காசில்லாத குடும்பத்துக்குப் போய் நிற்க ஒரு வாசல் கிடைத்திருக்கிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே சிகிச்சை பெறுகிறார் என்று 2019இல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது.

ஆனால் படுக்கையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. உடலிலிருந்து மதுவை இறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வீடு திரும்பிய முதல் மூன்று மாதங்கள்தான் கண்டம். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, மாத்திரை விடாமல் போகிறதா என்று கேட்பது, மனைவியோடு பேசுவது எல்லாம் அப்போதுதான் தேவை. பணமும் ஆளும் மிகக் குறைவாக இருப்பதும் அந்த மாதங்களுக்குத்தான்.

மத்திய சமூக நீதி அமைச்சகம், ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களுக்கு ஏற்கப்பட்ட செலவில் 90 விழுக்காட்டை மானியமாகத் தருகிறது. மீதி 10 நம் பொறுப்பு. தொகை தாமதமானால் சம்பளம் நிற்கும். பழகிய ஆலோசகர் வேறு வேலைக்குப் போய்விடுவார். தாமதத்தில் ஒரு பங்கு நம் கோப்புகளிலும் இருக்கிறது. தணிக்கைக் கணக்கின் தொகையும் மானியம் எப்படிச் செலவானது என்று காட்டும் 12-ஏ படிவப் பயன்பாட்டுச் சான்றின் தொகையும் ஒரு ரூபாய்கூட மாறக் கூடாது. மானியத்துக்கு வங்கி தந்த வட்டியைத் தனியே காட்டித் திருப்பிச் செலுத்த வேண்டும். உணவுக்கு வந்ததை வாடகைக்கு மாற்றிச் செலவிட்டுவிட்டுப் பிறகு விளக்கம் எழுதுவது பலிக்காது.

சம்பளத்தில் சிக்கனம் என்றால் முதலில் வெட்டுப்படுவது இரவுச் செவிலியர். இதைக் கடுமையாக எதிர்க்கிறோம். குடியை நிறுத்திய 6 முதல் 24 மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். உயிரைப் பறிக்கக்கூடிய, நினைவு தடுமாறும் பிதற்றல் நிலை அதற்குப் பிறகு வருவது. ஆகவே முதல் நான்கு இரவுகள் பயிற்சி பெற்றவர் ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டாக வேண்டும். வரிசை மாறினால் மூளை பாதிக்கப்பட்டு நினைவே போகலாம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 குடிநோயையும் தன் வரையறைக்குள் சேர்க்கிறது. மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெறாத மையத்துக்கு முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை தண்டம். தொடர்ந்து நடத்தினால் 5 லட்சம் வரை போகும். தற்காலிகப் பதிவு 12 மாதங்களுக்குத்தான் செல்லும். வேன் அனுப்பி ஆளைத் தூக்கி வருவதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. சம்மதமில்லாதவரைச் சேர்க்க 89ஆம் பிரிவுப்படி, நோயாளியின் சார்பில் நியமிக்கப்பட்ட பிரதிநிதியின் விண்ணப்பம் வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ ஒருவரும் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். ஏழு நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெண்கள், சிறார் என்றால் மூன்று நாள். இந்தச் சேர்க்கையின் வரம்பு 30 நாள். தாமாக வந்தவர் போகிறேன் என்றால், சட்டம் சொல்லும் காரணங்கள் இருந்தாலொழிய நிறுத்த முடியாது. அப்போதும் மதிப்பீட்டுக்கு 24 மணி நேரம்தான். சங்கிலி எந்த நிலையிலும் கூடாது. பூட்டிவைத்துக் குணப்படுத்தலாம் என்று நம்பும் பெற்றோரிடம் இதைச் சேர்க்கையன்றே சொல்லிவிடுங்கள்.

காப்பீட்டில்தான் பெரிய முரண். அதே சட்டத்தின் 21(4) பிரிவு, உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விலக்குப் பட்டியலில், அதாவது காப்பீட்டில் சேராதவற்றின் பட்டியலில், 12ஆவதாக மது, போதைச் சிகிச்சை நிற்கிறது, அதன் பின்விளைவுகளும்கூட. பாலிசியில் இந்த வரி இருக்கிறதா என்று குடும்பத்தார் முதலிலேயே பார்க்கட்டும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். டாஸ்மாக் வருவாயில் ஒரு நிலையான பங்கைச் சிகிச்சைக்கெனச் சட்டப்படி ஒதுக்க வேண்டும். வீடு திரும்பிய பிறகான ஓராண்டுத் தொடர் கவனிப்புக்குத் தனித் தலைப்பில் நிதி வேண்டும். 12ஆவது விலக்கை நீக்க மாநில அரசு ஆணையத்துக்கு எழுத வேண்டும்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்துத் தாக்கல் செய்வார்.

இப்படிக்கு,
செயலாளர்