வழவழப்பான செம்பின் மேல்

மதுரை

அன்புள்ள முருகேசா,

அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. மேலமாசி வீதி அண்ணாச்சி வழக்கம்போல் உன்னைத்தான் விசாரித்தார். மற்றவை நேரில். மீத்தேன் வாயுவிலிருந்து கிராஃபீன் (ஓரணுத் தடிமனுள்ள கார்பன் படலம்) வளர்த்து, நேற்று உலையிலிருந்து எடுத்த செப்புத் தகட்டைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அதில் பாதியை வெட்டி, 200 டிகிரிச் சூட்டில் சற்று நேரம் வைத்தோம். கிராஃபீன் மூடாத இடத்தில் செம்பு காற்றுப் பட்டுச் சிவந்துவிடும் என்பது நீ அறிந்ததே. முந்தைய தகடுகளில், ஆலையில் உருட்டிய கோடுகள் நெடுகிலும் அந்தச் சிவப்பு ஓடும். இம்முறை நுண்ணோக்கியில் தகடு பளிச்சென்றே இருந்தது; ஓரத்தில் மட்டும் சில புள்ளிகள்.

மீத்தேன் அளவையோ வெப்பத்தையோ நாங்கள் தொடவில்லை. தகட்டைப் பாஸ்பாரிக் அமிலத்தில் மின்முறையில் மெருகேற்றி, ஹைட்ரஜனில் நெடுநேரம் சூடாக்கினோம், அவ்வளவே. நிக்கல் சூட்டில் கார்பனை உள்ளிழுத்து, ஆறும்போது கக்கிப் பல அடுக்காக்கிவிடும். செம்பில் கார்பன் அநேகமாகக் கரையாது என்பதால்தான் 2009-இல் டெக்சாஸில் விஞ்ஞானி ராட்னி ரூவாஃப் குழுவினரால் பெரும்பாலும் ஒற்றைப் படலமாகவே வளர்க்க முடிந்தது. ஆனால் அந்தக் கார்பன் எங்கே முதலில் முளைவிடும் என்பதைக் கீறலும் அழுக்குமே தீர்மானிக்கின்றன. அப்படி முளைத்து, ஆளுக்கொரு திசை பார்த்த கிராஃபீன் தீவுகள் முட்டிக்கொண்டால் படலம் ஒட்டுப்போட்ட துணியாகிவிடும். செம்பின் 111 முகம் (அணுக்கள் அறுகோண ஒழுங்கில் அமைந்த படிகப் பரப்பு) வாய்த்துவிட்டால், செம்புக்கும் கிராஃபீனுக்கும் அணு இடைவெளியில் சுமார் 4 சதவீத வேறுபாடு இருந்தும், தீவுகள் ஒரே திசையில் நின்று தடம் தெரியாமல் இணைகின்றன.

இவ்வளவு இருக்க, நிதி கேட்ட இடத்தில் மெருகேற்றும் செலவைத்தான் முதலில் அடித்தார்கள். அது எனக்கு ஆறவில்லை. சோதனைக் குழாயைத் திரும்பத் திரும்பக் கழுவியதற்காக நாங்கள் கேலி செய்த உன்னைத்தான் இன்று மாணவர்களுக்கு உதாரணம் காட்டுகிறேன்.

என் கவலை படலத்தில் விழும் மடிப்புகள். 1,000 டிகிரியிலிருந்து ஆறும்போது செம்பு சுருங்குகிறது, கிராஃபீன் உடன்படுவதில்லை. எவ்வளவு மெருகேற்றினாலும் இது தீராது. 2021-இல் அதே ரூவாஃப், கொரியாவின் உல்சானில், செம்பு-நிக்கல் ஒற்றைப் படிகத் தகட்டில் ஏறக்குறைய 750 டிகிரியில் வளர்த்து மடிப்பைத் தவிர்த்தார். நாமும் அந்த வழியில்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

சூடு காட்டாத மறுபாதியை அண்ணாச்சியின் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் ராமன் கருவியில் (லேசர் ஒளிச் சிதறலைக் கொண்டு படலத்தை ஆராய்வது) சமதளத்தையும் மடிப்பையும் தனித்தனியாகப் பார். செம்பின் ஒளிர்வு தொல்லை செய்தால் நீல லேசரைப் போடு. 1,350 செ.மீ⁻¹-க்கு அருகே, படலத்தில் குறையிருப்பதைக் காட்டும் டி முகடு தலைகாட்டினால் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
சுந்தரம்