செட்டைப் பிரித்து விற்காதீர்கள்: பழைய சீன நகைகளை ஏலம் விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஏல நிறுவனத்தாருக்கு வணக்கம்.

உங்கள் கேட்லாக்குகளில் சீனாவின் மிங் அரச காலத்துத் (1368-1644) தங்கக் கொண்டை ஊசிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. படம் அருமை, எடை கிராம் சுத்தமாக இருக்கிறது, எதிர்பார்க்கும் விலையும் போட்டிருக்கிறது, ஆனால் எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் மட்டும் 'தனியார் சேகரிப்பு' என்று முடித்துவிடுகிறீர்கள். யாருடைய சேகரிப்பு? எப்போதிருந்து? அதற்கு முன் எந்த மண்ணுக்குள் இருந்தது?

அப்புறம், அவை ஒற்றை ஊசியாக அணியச் செய்தவையே அல்ல. அந்தக் காலத்து மேல்தட்டுப் பெண்கள் கொண்டைமேல் கம்பி வலையாலான ஒரு கூட்டைக் கவிழ்த்து, முன்னால் நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று, காதுக்கு மேலே பக்கத்துக்கு ஒன்றாக ஒரு ஜோடி என்று செருகிக்கொண்டார்கள். நம் பரதநாட்டியத் தலைச்சாமான் போல மொத்தமும் ஒரே செட். நீங்களோ தனித்தனி ஏல உருப்படிகளாக, லாட் லாட்டாகப் பிரிக்கிறீர்கள், ஜோடியில் ஒன்று ஒரு நாட்டுக்கும் இன்னொன்று வேறு நாட்டுக்கும் போய்விடுகிறது.

கிடைத்த இடம் தெரிந்தால் என்னவெல்லாம் தெரியவரும் என்பதற்கு ஹூபே மாகாணத்தில் 2001-இல் அகழ்ந்த, மிங் அரச குடும்பத்து லியாங் இளவரசரின் கல்லறையே போதும். அவர் இறந்தது 1441-இல், மனைவி வெய் இறந்தது 1451-இல், ஆகவே அங்கே கிடைத்த தலைநகைகள் எதுவும் அதற்குப் பிந்தியவை அல்ல. கூடவே, 1419-இல் மேலைக்கடல் நாடுகளில் (இந்தியப் பெருங்கடல் பக்கத்து நாடுகள்) வாங்கியது என்று எழுத்துப் பொறித்த ஒரு தங்கக் கட்டியும் கிடைத்தது. அது மிங் பேரரசரின் கடற்படைத் தளபதி ஜெங் ஹேயின் கப்பல்கள் ஓடிய காலம். (அவர் இலங்கையின் காலிக்குக் கொண்டுவந்த 1409-ஆம் ஆண்டு மும்மொழிக் கல்வெட்டில் தமிழும் இருக்கிறது.) அந்த நகைகளில் பதித்த நீலக்கற்களில் சில இலங்கையிலிருந்து போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இதெல்லாம் சேர்ந்துதான் வலு தருகிறது. இதே நகை உங்கள் கைவழியாக வந்திருந்தால்? 'தங்க ஊசி, பலவண்ணக் கற்கள், மிங்'. அவ்வளவுதான் மிஞ்சியிருக்கும்.

சிச்சுவானின் பெங்ஷான் பக்கம் நடந்தது உங்களுக்கும் தெரியும். 1646 வாக்கில் கிளர்ச்சித் தலைவர் ஜாங் ஷியன்ஜோங்கின் படகுகளோடு ஆற்றில் மூழ்கிய புதையலைத் திருடர்கள் இரவில் முக்குளித்து அள்ளி விற்றார்கள், போலீஸ் வழக்கானது, 2017-இல்தான் முறையான அகழாய்வு தொடங்கியது. அந்த ஆற்றில் தங்க ஊசிகளும் கிடைத்தன. அதற்கு முன்பே கைமாறிப் போனவை எல்லாமே திரும்பி வந்துவிட்டன என்று நம்புகிறீர்களா?

சட்டப்படி சரியாகத்தான் விற்கிறோம் என்பீர்கள். இருக்கலாம். பழம்பொருள் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அமெரிக்கா 2009-இல் சீனாவோடு செய்த ஒப்பந்தம் சிற்பம், சுவர்க்கலை தவிர மற்றவற்றில் கி.பி. 907-இல் முடிகிற தாங் காலத்தோடு நின்றுவிடுகிறது, ஆகவே மிங் ஊசி அதில் சிக்காது. ஆனால் வாங்குகிறவருக்கு அதனால் என்ன லாபம்? தங்கம் துருப்பிடிக்காது, பழைய தங்கத்தை உருக்கிப் புதிதாகவும் செய்யலாம், அதே கம்பி வேலை தெரிந்த கைகள் இன்றும் இருக்கின்றன. வந்த வழி தெரியாத ஊசியின் வயதை உலோகச் சோதனையை மட்டும் வைத்து எப்படி உறுதி செய்வீர்கள்?

ஒவ்வொரு ஊசிக்கும் முந்தைய உரிமையாளர்களையும் ஆண்டுகளையும் அச்சிடுங்கள். ஒரே செட் என்று தெரிந்தால் ஒரே லாட்டாக விடுங்கள், விலை குறைந்தாலும் பரவாயில்லை. பழம்பொருள் கடத்தலைத் தடுக்க வந்த 1970-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன்பே சீனாவை விட்டு வெளியேறியதற்குக் காகிதம் காட்ட முடியாதவர் கொண்டுவந்தால் வாங்கி வைக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பழைய நகைகளை ஆசையாகப் பார்க்கும் ஒரு வாசகர்