அந்தப் பூக்கள் அச்சிட்டவை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழம்பொருள் சேகரிப்பைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பூப்போட்ட பழைய அமெரிக்கப் பீங்கான் ஜக்குகளை அச்சுப்படம் ஒட்டிய மலிவுச் சரக்கு என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. படம் ஒட்டிய ஜக்குகள் ஏராளமாக உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் கட்டுரையுடன் வெளியான புகைப்படத்தில் இருப்பது, டென்னசி மாநிலத்தின் எர்வின் என்ற சிற்றூரில் சதர்ன் பாட்டரீஸ் நிறுவனம் செய்த 'புளூ ரிட்ஜ்' ஜக். அவ்வூருக்கு அருகில் பதினொரு ஆண்டுகளாக வசித்து, இந்த ஜக்குகளைத் தேடித் தேடிச் சேர்த்துவருபவள் நான். அதன் ஒவ்வொரு இதழும் கையால் தீட்டப்பட்டது.

1920இல் சதர்ன் பாட்டரீஸ் என்ற பெயரைப் பெற்ற அந்த ஆலையிலும் முதலில் ஒட்டுப்படம்தான் நடைமுறையில் இருந்தது. 1930களின் பிற்பகுதியில் கையால் தீட்டும் முறைக்கு மாறினார்கள். சுற்றியுள்ள மலைப்பகுதிப் பெண்கள் தூரிகை பிடிக்கப் பயின்று, ஒருமுறை சுட்டெடுத்த, மெருகு எனும் கண்ணாடி போன்ற பூச்சு இன்னும் ஏறாத பாண்டத்தின் மீது வண்ணம் தீட்டினார்கள். அதன் மேல் மெருகு பூசி மறுபடியும் சூளையில் வைத்தார்கள். வண்ணம் மெருகுக்கு அடியில் அடங்கிவிடுவதால்தான், இத்தனை ஆண்டுகள் கழுவித் துடைத்த பின்னும் அது மங்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பீங்கான் வரத்து நின்றபோது ஆலை செழித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வேலை பார்த்த காலமும் உண்டு. போருக்குப் பின் இறக்குமதி திரும்பியது, பிளாஸ்டிக் தட்டுகளும் வந்தன. 1957இல் ஆலையை மூடிவிட்டார்கள்.

என்னிடம் உள்ள ஜக் ஒன்றின் சிவப்புப் பூவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், தூரிகையை அழுத்தி வைத்த இடம் வெளிறியும், இழுத்து எடுத்த நுனியில் நிறம் தேங்கிக் கறுத்தும் தெரிகிறது. நடுவே தூரிகை மயிர் கீறிய கோடுகள். அச்சுப்படமாக இருந்தால் பெரும்பாலும் புள்ளிகள்தாம் தெரியும். ஒருத்தி இலையும் தண்டும் போட, இன்னொருத்தி இதழ் போடுவது அங்கே வழக்கம் என்பதால், ஒரே மாதிரி என்று நான் வாங்கிய இரு ஜக்குகளில் ஒன்றில் ஐந்து இலை, மற்றதில் ஆறு. அக்காளும் தங்கையும் போட்ட ஒரே புள்ளிக் கோலத்தைப் போல, கணக்கு ஒன்றாக இருந்தாலும் கை வேறாக இருக்கிறது. புதிதாகச் சேர்ப்பவர்கள் இதைக் குறை என்று எண்ணிப் பொருளைத் திருப்பிக் கொடுப்பதைக் கண்டிருக்கிறேன்.

பழையதாக இருந்தாலே விலை பெறும் என்ற தங்கள் கட்டுரையாளரின் கருத்தும் சரியன்று. வடிவம், ஓவியம், பழுதின்மை ஆகியவற்றைப் பார்த்தே இங்கு விலை பேசுகிறார்கள். முதல் ஆண்டில் ஒரு கடைக்காரரிடம் நான் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஜக்கின் மூக்கு உடைந்து, ஒட்டி, மேலே வண்ணம் பூசி மறைக்கப்பட்டிருந்தது. வீட்டில் வெந்நீரில் கழுவியபோது பூச்சு உரிந்து வந்தது. மண்சட்டி வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்த்தே வாங்கும் ஊரில் பிறந்தவள், அன்று கடையில் அதைச் செய்ய மறந்தேன். மயிரிழை விரிசல் இருந்தாலும் ஓசை மந்தமாகிவிடும். மூக்கையும் பிடி சேரும் இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பதும் நல்லது.

ஒஹாயோ மாநிலத்தின் குரூக்ஸ்வில் ஊரில் வாட் நிறுவனம் செய்த ஆப்பிள் படம் போட்ட ஜக்குகளையும் பலர் சேர்க்கிறார்கள். அவற்றுள் சிலவற்றில் உள்ளூர் மளிகைக் கடைகளின் பெயர் பொறித்திருக்கும். நம் ஜவுளிக்கடை மஞ்சள் பை போன்ற விளம்பரம்தான். 1965இல் அந்த ஆலை தீக்கிரையானது. அந்த ஜக்குகளைப் பார்த்துச் செய்த போலிகள் சந்தையில் உலவுவதால் கவனம் தேவை.

கட்டுரையில் விடுபட்ட எச்சரிக்கை ஒன்றையும் சேர்க்க வேண்டும். பழைய மெருகுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். புளிப்புப் பட்டால் அது கசியும். எனவே இவற்றில் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி வைக்க வேண்டாம். என் ஜக்குகளில் நான் தண்ணீர்கூட வைப்பதில்லை.

புளூ ரிட்ஜ் ஜக் வடிவங்கள் பலவற்றுக்கு ஆலிஸ், ஹெலன், கிரேஸ், சாலி என்று பெண்களின் பெயர்களைச் சூட்டினார்கள். ஆனால் தீட்டிய பெண்ணின் கையெழுத்து, சில பெரிய தட்டுகளைத் தவிர, அனேகமாக எதிலும் இல்லை. ஆகவே தாங்கள் வெளியிடும் திருத்தத்தில் அந்தப் படத்தின் கீழ் 'எர்வின் ஊர்ப் பெண்கள் கையால் தீட்டியது' என்று குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கிழக்கு டென்னசி, அமெரிக்கா.