கார்டு கைக்கு வந்த பிறகு கணக்கை முடியுங்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான், கொத்தமங்கலம், தேவகோட்டை வட்டாரத்தில் தங்கும் விடுதி நடத்துபவர்களுக்கும், வரவேற்பு மேசையில் இருப்பவர்களுக்கும், கார்டு பூட்டு பொருத்திப் பராமரிக்கும் நாங்கள் எழுதுவது.

வணக்கம்.

பழைய வீட்டுக்கட்டில், விருந்தாளி சாவியைத் திருப்பித் தராமல் போகும் பிரச்சினை இல்லை. பர்மா தேக்கு இரட்டைக் கதவைக் குடைந்து கார்டு பூட்டு வைக்க யாருக்கும் மனசு வராது, வைக்கவும் கூடாது. அந்த இரும்புச் சாவி சட்டைப் பையில் அடங்காது, அதனால் அதை மறந்து ஊருக்குக் கொண்டுபோகிறவரும் இல்லை. சிக்கலெல்லாம் பின்னால் புதிதாக எழுப்பிய அறைகளிலும் ஊருக்குள் இருக்கும் லாட்ஜ்களிலும்தான். அங்கே கொடுப்பது 85.6 மி.மீ. நீளம், 54 மி.மீ. அகலம், முக்கால் மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் கார்டு. ஏ.டி.எம். கார்டின் அதே அளவு. பர்ஸுக்குள் நுழைந்தால் சென்னை போய்த்தான் வெளியே வரும்.

விருந்தாளிகளில் சிலர் வேண்டுமென்றே கார்டை எடுத்துப்போகிறார்கள். பெயர், முகவரி, வங்கி எண் எல்லாம் அதற்குள் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் படித்த பயம். 2003-இல் அமெரிக்காவின் பாசடீனா போலீசிலிருந்து கிளம்பிய ஒரு மின்னஞ்சல்தான் இந்த வதந்திக்கு மூலம். அந்தப் போலீசே பிறகு அதை மறுத்துவிட்டது. வழக்கமாகக் கார்டில் எழுதப்படுவது பூட்டின் அடையாள எண், எப்போதிலிருந்து எப்போது வரை செல்லும் என்ற தேதியும் நேரமும், எத்தனையாவதாகக் கொடுத்த கார்டு என்பதற்கான வரிசைக் குறி, இவ்வளவுதான். கேட்பவருக்கு இதை மேசையிலேயே சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

விருந்தாளியின் பயம் வீண். உங்கள் அலட்சியம்தான் ஆபத்து. "கம்ப்யூட்டர்ல செக்-அவுட் போட்டாச்சு, இனி அந்தக் கார்டு செத்துப்போச்சு" என்று பல மேசைகளில் நம்புகிறார்கள். இல்லை. நம் பக்கத்து விடுதிகளில் இருக்கும் பூட்டுகளில் பெரும்பாலானவை கம்ப்யூட்டரோடு பேசுவதே இல்லை. நான்கு பென்சில் பேட்டரியில் தனியாக ஓடும் கடிகாரமும் சின்ன நினைவகமும்தான் அந்தப் பூட்டு. நீங்கள் மேசையில் பொத்தானை அமுக்கியது அதற்குத் தெரியாது. கார்டில் எழுதிய நேரம் முடிய வேண்டும், அல்லது அடுத்த விருந்தாளியின் புதிய கார்டை அந்தக் கதவில் காட்ட வேண்டும். இரண்டில் ஒன்று நடக்கும் வரை பழைய கார்டு திறந்துகொண்டுதான் இருக்கும்.

விடிகாலை பல்லவன் ரயிலைப் பிடிக்கப் போகிற விருந்தாளியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவுக் காவலர் அசந்திருக்கிறார், விருந்தாளி கார்டை மேசைமேல் வைத்துவிட்டு ஆட்டோ ஏறிவிடுகிறார். கார்டோ மதியம் 12 மணி வரை உயிரோடு இருக்கிறது. அறையைக் கூட்டிப் பெருக்கி, அடுத்த குடும்பத்தின் பெட்டியை 10 மணிக்கே உள்ளே வைத்து, நீங்களே கதவைத் திறந்துவிட்டிருந்தால் புதிய கார்டு இன்னும் பூட்டைத் தொட்டிருக்காது. மேசையில் கிடக்கும் அந்தக் கார்டை எடுத்தவர் யாரானாலும் உள்ளே போகலாம். செய்ய வேண்டியது எளிது: வந்த கார்டை உடனே என்கோடரில் (கார்டில் எழுதும் கருவியில்) வைத்து, அதில் எழுதியதை அழியுங்கள். கார்டு வரவில்லையா, அதே அறைக்குப் புதிய கார்டு ஒன்று போட்டு, ஆளை அனுப்பிக் கதவில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். விருந்தாளி வரும் வரை காத்திருக்காதீர்கள்.

புதிய கார்டு போடும்போது வரும் தவறும் ஒன்று உண்டு. கணவன் மனைவிக்கு ஆளுக்கொன்று கேட்டால் இரண்டாவதை 'டூப்ளிகேட்' என்று போட வேண்டும். 'நியூ' என்று போட்டால் இரண்டாவது கார்டு கதவைத் தொட்ட நொடியில் முதல் கார்டு செல்லாது. ராத்திரி பதினோரு மணிக்கு "கார்டு வேலை செய்யலை" என்று வரும் போன்களில் இது அடிக்கடி வரும் காரணம்.

கல்யாண முகூர்த்தங்களில் இன்னும் குழப்பம். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த சொந்தங்கள் இருபது அறை எடுக்கிறார்கள். கிளம்பும் அன்று வீட்டு மாமா ஒருவர் நாற்பது கார்டையும் மஞ்சப்பையில் வாங்கிவைத்துக்கொண்டு, அதை மண்டபத்திலேயே விட்டுவிடுகிறார். இதற்காக அடுத்த தடவை கார்டின் மேல் பேனாவில் அறை எண் எழுதிக் கொடுக்காதீர்கள். எண் இல்லாததுதான் கார்டுக்குக் காவல். கீழே கிடந்ததை எடுத்தவனுக்கு எந்தக் கதவென்று தெரியாது. எண்ணைக் காகித உறையில் எழுதுங்கள். கல்யாண வீட்டாரிடம் கார்டுகளின் எண்ணிக்கையைச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். கார்டின் விலை சில பத்து ரூபாய்தான். அதற்காக ஐந்நூறு ரூபாய் அபராதம் போட்டு நல்ல வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லை.

திரும்பி வரும் கார்டுகளை மேசையில் ஓலைக் கொட்டானில் போட்டுவைப்பது பார்க்க அழகுதான். மூடியில்லாத கொட்டானாக இருந்தால் அது திருடனுக்கு வைத்த தாம்பூலத்தட்டு. காலாவதியான கார்டால் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். 2024 மார்ச்சில் வெளிவந்த 'அன்சாஃப்லாக்' குறை பதில் சொல்லும். சாஃப்லாக் வகைப் பூட்டுகளில், ஒரு விடுதியின் ஏதோ ஒரு பழைய கார்டு கையில் கிடைத்தாலே போதும். அதை வைத்து இரண்டு கள்ளக் கார்டு செய்து அந்த விடுதியின் எந்தக் கதவையும் திறக்க முடிந்தது. 131 நாடுகளில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட கதவுகளில் அந்தப் பூட்டு இருந்தது. உங்களுடையது வேறு கம்பெனியாக இருக்கலாம். ஆனால் 'மைஃபேர் கிளாசிக்' என்ற பழைய வகைச் சில்லு உள்ள கார்டா என்று கேட்டுப்பாருங்கள். அதன் குறியாக்கம் 2008-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. கொட்டானுக்கு மூடி போட்டு மேசைக்கு உள்பக்கம் வையுங்கள்.

நல்ல நிலையில் உள்ள கார்டைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொள்ளலாம். துடைக்க 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணி போதும். தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் பட்டால் அச்சு கரையும், பிளாஸ்டிக் இளகும். கயிறு கட்ட ஓட்டை போடக் கூடாது. ஓரத்தைச் சுற்றி ஓடும் கம்பிச்சுருள் அறுந்தால் கார்டு ஊமையாகிவிடும். பக்கத்து விடுதிக்குக் கொடுத்து உதவலாம் என்று நினைக்காதீர்கள். பல பூட்டு நிறுவனங்களின் மென்பொருள் கார்டுக்குள் இருக்கும் ரகசியக் குறியீட்டை மாற்றிவிடும், வேறு என்கோடரில் அது எழுதாது. கறுப்புப் பட்டை உள்ள பழைய வகைக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பெரும்பாலும் 300 ஓர்ஸ்டெட் (காந்தப் பதிவை அழிக்கத் தேவைப்படும் வலுவின் அளவு) மட்டுமே உள்ள மென்காந்தப் பட்டை, வங்கிக் கார்டில் சுமார் 2750. போன் உறையின் காந்தமே அழித்துவிடும்.

வளைந்ததும் வெடித்ததும் கழிக்க வேண்டியவை. கார்டின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றுக் கம்பியும் ஒரு கறுப்புப் புள்ளியும் தெரியும். கத்தரி அந்தப் புள்ளியின் நடுவே போக வேண்டும். கம்பியை மட்டும் வெட்டினால் சில்லு முழுசாக இருக்கும், வேறு சுருளோடு இணைத்துப் படிக்கலாம். வெட்டியதைத் தோட்டத்துச் சருகோடு கொளுத்தாதீர்கள். அது பி.வி.சி.; எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகையும் டயாக்ஸினும் வரும். தனிப் பையில் சேர்த்து, மக்காத குப்பையில் கொடுங்கள்.

பேட்டரி பற்றி ஒன்றே ஒன்று: நாலையும் சேர்த்து மாற்றுங்கள், மாற்றியதும் கடிகாரத்தைச் சரிபாருங்கள். நேரம் பின்னுக்குப் போனால் போன வாரக் கார்டுக்கும் உயிர் வரக்கூடும். மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி இருக்கிற ஊரில் பேட்டரியால் கதவு மானம் போகக் கூடாது.

காகித உறையில் இப்படி அச்சடித்துவிடுங்கள்: "கிளம்பும்போது கார்டை மேசையில் கையில் கொடுங்கள். அறையின் மின்சாரத்துக்காகக் கார்டு செருகும் துளையில் விட்டுப்போக வேண்டாம். ஊருக்கு வந்துவிட்டதா? தபாலில் அனுப்ப வேண்டாம், வெட்டிப் போட்டுவிட்டு எங்களுக்கு ஒரு போன் பண்ணுங்கள்." போன் வந்ததும் அந்த அறைக்குப் புதிய கார்டு எழுதிக் கதவில் காட்டிவிட்டு, ஏட்டில் ஒரு கார்டைக் குறைத்து எழுதுங்கள்.