பிப்ரவரிக்கு முன்னால் லேப்பைத் திறங்கள்

மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு வணக்கம்.

2001இல் பிளஸ் டூ முடித்தவன் நான். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், பயாலஜி குரூப். வேதியியல் செய்முறைத் தேர்வில் 50க்கு 50. அந்த ஐம்பதில் ஐந்துகூட நான் சம்பாதித்ததில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எங்கள் பள்ளி லேப் இரண்டு வருடமும் பூட்டியே கிடந்தது. தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, பிப்ரவரியில் திறந்தார்கள். ஒட்டடை அடித்ததும் நாங்கள்தான். ரெக்கார்டு நோட்டோ அதற்கு முன்பே எழுதி முடித்துக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. பியூரெட் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்) அளவு, கணக்கு, முடிவு எல்லாமே முந்தைய வருடத்து அக்கா ஒருவரின் நோட்டைப் பார்த்து எழுதியவை. அவர் யாருடையதைப் பார்த்தாரோ!

பர்மாங்கனேட் என்ற ஊதாக் கரைசலை பியூரெட்டில் ஊற்ற வேண்டும் என்பதுகூடத் தெரியாமல், உறிஞ்சி அளக்கும் குழாயான பிப்பெட்டில் வாய் வைத்து உறிஞ்சினேன். நுனி கரைசலை விட்டு மேலே வந்துவிட்டது, சர்ரென்று வாய்க்குள் ஏறிவிட்டது. துப்பித் துப்பிக் கொப்பளித்தும் பல்லும் உதடும் பழுப்பாகவே இருந்தன. மூன்று நாள் சிரிக்காமல் பள்ளிக்குப் போனேன்.

தேர்வன்று முதல் பெஞ்சில் கிடைத்த அளவு கடைசி பெஞ்சு வரைக்கும் வந்து சேர்ந்தது. கடைசிச் சொட்டில் வெளிர் ரோஸ் வந்து நிற்க வேண்டிய குடுவை எனக்குக் கத்திரிப்பூ நிறத்தில் நின்றது. விடைத்தாளில் மட்டும் அளவு சரியாக இருந்தது.

அப்போது மருத்துவத்துக்கு பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300க்குக் கட் ஆஃப் போடுவார்கள். நான் அதன் வாசலைக்கூட மிதிக்கவில்லை. பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன், பியூரெட் பிடிக்க அங்கேதான் கற்றேன், இப்போது தண்ணீர் பரிசோதிக்கும் வேலை. சரி, அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

தர்மபுரிப் பக்கத்து போர்வெல் தண்ணீர் நிறைய வரும். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஒருமுறை ஒரு பெரியவர் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து, "இதைப் பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா தம்பி?" என்று கேட்டார். கூட வந்த பேரனின் முன்பல்லில், ஃபுளோரைடு மிகுந்தால் வரும் பழுப்புக் கோடுகள். என் கறை மூன்று நாளில் போய்விட்டது, அது போகாது. பக்கத்து பெஞ்சு அளவை எட்டிப் பார்த்து அவருக்கு நான் பதில் சொல்ல முடியுமா?

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் பல பள்ளிகள் நேராக பிளஸ் டூவுக்குத் தாவியதால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26இல் அதை எடுத்துவிட்டார்கள். மறுபடியும் ஒரு வருடம் உங்கள் கையில். அதிலும் வாரத் தேர்வு, ஸ்லிப் டெஸ்ட் என்று நிரப்பிவிடாமல் வாரத்துக்கு இரண்டு பீரியட் லேப்புக்கு விடுங்கள்.

லேப் உதவியாளர் பணியிடம் காலி, கெமிக்கல் வாங்கக் காசில்லை என்பீர்கள். நியாயம்தான். ஆனால் பள்ளி போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்க எவ்வளவு செலவாகிவிடும்? இ.டி.டி.ஏ. கரைசல், கொஞ்சம் பஃபர், ஒரு சிட்டிகை இண்டிகேட்டர். திராட்சைச் சிவப்பு நீலமாக மாறும் அந்த ஒரு சொட்டை, தான் குடிக்கிற தண்ணீரில் பார்த்த பிள்ளைக்கு அப்புறம் யார் நோட்டும் தேவைப்படாது.

என்னைக் கூப்பிட்டால் ஒரு சனிக்கிழமை வந்து செய்து காட்டுகிறேன். இன்னொன்று, பிப்பெட்டுக்கு ரப்பர் பல்பு வாங்கி வையுங்கள். யாரையும் வாயால் உறிஞ்ச விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய மாணவன்